மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மலத்தில் மறைரத்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று நாள் இறைச்சி தொடக்கூடாது என்கிறார் நண்பர். லேபிலோ பத்தியமே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். அவர்கள் பேசுவது இரண்டு வேறு சோதனைகளைப் பற்றி.

பழைய முறையில், குவாயக் என்ற மரப்பிசின் தடவிய அட்டையில் மலத்தை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை விடுவார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ‘ஹீம்’ என்ற பொருள் இருந்தால் 60 வினாடிக்குள் நீலம் தெரியும். அது மனித ரத்தமா, தின்ற ஆட்டின் ரத்தமா என்று அட்டைக்குத் தெரியாது. சமைக்காத முள்ளங்கியில் உள்ள நொதிகூட நீலம் காட்டிவிடும். வைட்டமின் சி இதற்கு நேர்மாறு. நாளுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால், ரத்தம் இருந்தாலும் நீலம் வராமல் போகலாம். அதனால்தான் சோதனைக்கு முன் மூன்று நாள் பத்தியம். வலி மாத்திரைகளை ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் உண்டு. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

புதிய முறையான ‘ஃபிட்’டில் மனித ரத்தத்தின் குளோபின் என்ற புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கிறது. அதனால் உணவுப் பத்தியம் வேண்டியதில்லை. இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துப்போகும் என்பதால், ‘ஃபிட்’ பெரும்பாலும் பெருங்குடல் கசிவைத்தான் காட்டும். உங்கள் லேப் எதைச் செய்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஃபிட்’ குப்பியில் மாதிரியை எப்படி எடுப்பது? கொஞ்சம் அதிகமாக எடுத்தால் நல்லதா?

நல்லதல்ல. முடிவு பிசகுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். குப்பியில் உள்ள திரவமும் மலமும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால்தான் கணக்குச் சரியாக வரும். குச்சி நுனியின் வரிப்பள்ளங்கள் நிரம்பினால் போதும்; பல குப்பிகளில் அது சுமார் 10 மில்லிகிராம்தான்.

மலம் கழிவறைத் தண்ணீரைத் தொடும் முன், உலர்ந்த காகிதத்திலோ பாத்திரத்திலோ பிடியுங்கள். சிறுநீரும் கலக்கக் கூடாது. ரத்தம் மலம் முழுக்க ஒரே சீராகக் கலந்திருக்காது. ஓரிடத்தில் மட்டும் குத்தாமல் நாலைந்து இடங்களில் குச்சியால் வருடி எடுங்கள். குச்சியை ஒரே முறை செருகி, இறுக மூடிக் குலுக்குங்கள். உள்ளிருக்கும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். பெயரும் தேதியும் எழுதாத குப்பியை லேபில் திருப்பிவிடுவார்கள்.

சூட்டில் ஹீமோகுளோபின் சிதையும். வெயிலில் நிற்கும் காரில் குப்பி கிடந்தால், ரத்தம் இருந்தும் ‘இல்லை’ என்று வரக்கூடும். அன்றே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மாதவிடாய் நாட்களிலும் மூலத்தில் ரத்தம் கசியும்போதும் மாதிரி எடுக்க வேண்டாம்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். மலம் கறுப்பாகப் போகிறது. இதனால் ‘பாசிட்டிவ்’ வருமா?

‘ஃபிட்’டில் வராது. ஆனால் மாத்திரை எடுக்காதபோதும் தார்போல் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் சோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ‘பாசிட்டிவ்’ வந்திருக்கிறது. மூலம் இருப்பதால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு முறை செய்து ‘நெகட்டிவ்’ வந்தால் விட்டுவிடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாலிப்பும் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) புற்றுநோய்க் கட்டியும் தினமும் கசிவதில்லை. ஒரு நாள் கசியும், அடுத்த நாள் நின்றிருக்கும். இரண்டாவது ‘நெகட்டிவ்’ முதல் முடிவை அழிக்காது. மூலம் இருப்பவருக்குக் கட்டியும் இருக்கலாம். ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. பலருக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் அதை உறுதி செய்ய, கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனாஸ்கோபி வேண்டும். பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் நாள் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால், அதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.