அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் நாட்டின் பிரதமர் ஆவது எப்படி?

பூடானின் லோடே ஷெரிங் நல்ல உதாரணம். சிறுநீரகவியல் அறுவை சிகிச்சை நிபுணரான இவர் 2018 முதல் 2023 வரை அந்நாட்டின் பிரதமர்.

பூடானில் அரசு ஊழியர் கட்சியில் சேர முடியாது. பெரும்பாலான மருத்துவர்கள் அரசு ஊழியர்கள்தான். எனவே முதல் படி வேலையை விடுவது. அவர் 2013-இல் விட்டார். அந்தத் தேர்தலில் அவர் கட்சி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அங்கே முதல் சுற்றில் முன்னிலை பெறும் இரண்டு கட்சிகள்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும். 2018-இல் அதே கட்சி 47 இடங்களில் 30-ஐப் பிடித்தது. ஐந்து வருடக் காத்திருப்பு; கத்தியைக் கீழே வைத்தவர்களில் பலருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

சரி, நல்ல தொழிலை விட்டு ஏன் வர வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளியை மருத்துவர் குணமாக்கலாம். ஆனால் கிராமத்தில் மருத்துவர் இருக்கிறாரா, மருந்து வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டதா என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. குழாய் உடைந்து ஓடும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. மெயின் வால்வு வேறு அறையில் இருக்கிறது.

அந்த அறையில் வேலை செய்யும் விதமும் வேறு. ஆபரேஷன் தியேட்டரில் 'கத்தரி' என்றால் கையில் வந்துவிடும். நாடாளுமன்றத்தில் ஒவ்வொன்றுக்கும் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். இந்த மாற்றம்தான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், அரசியலுக்கு வந்தால் மருத்துவம் செய்யும் தகுதி போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ஷெரிங் பிரதமராக இருந்தபோதும் சனிக்கிழமைகளில் திம்பு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்.