கார்பன் டை ஆக்சைடு லேசரும் சல்பர் ஐசோடோப்புகளும்

வணக்கம். 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒரு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) ஏறத்தாழ 0.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உள்ளபோது, சல்பர் ஹெக்சாஃப்ளூரைடிலிருந்து ஒரு ஃப்ளூரின் அணுவைப் பிரிக்க வேண்டிய 4 எலக்ட்ரான் வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று, டர்பனில் முதுகலைக் கருத்தரங்குக்குத் தயாராகும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே மூலக்கூறு முப்பதுக்கும் மேற்பட்ட ஃபோட்டான்களை, ஏணியில் படிப்படியாக ஏறுவதுபோல், அடுத்தடுத்து உட்கொள்கிறது. 1970களின் நடுவில் சோவியத் ஒன்றியத்தில் லெட்டோகோவ் குழுவினர் காட்டியது இதையே. ஐசோடோப்புத் தேர்வு, அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்களில் எதைக் கொண்ட மூலக்கூறு உடையும் என்பது, முதல் சில படிகளிலேயே முடிந்துவிடுகிறது. சல்பர்-32 கொண்ட மூலக்கூறு சென்டிமீட்டருக்கு 948 அலைகள் என்ற இடத்தை ஒட்டி உறிஞ்சுகிறது, சல்பர்-34 கொண்டது அதற்கு 17 கீழே. எனவே லேசரை 944இல் நிறுத்தினால் முன்னதுதான் ஏணியில் கால் வைக்கும். சில படிகள் ஏறியதும் அதிர்வு நிலைகள் நெருங்கிப் பின்னிக்கொள்வதால், அதன்பின் அதே ஃபோட்டான் எங்கும் பொருந்தும். உடையாமல் எஞ்சும் வாயுவில் சல்பர்-34 செறிகிறது.

உங்கள் வரைவில் அழுத்தத்தை 1 வளிமண்டலமாகக் கொண்டதை அவசியம் மாற்றுங்கள். 100 நானோ வினாடி நீளும் லேசர் துடிப்பு ஒன்று முடிவதற்குள் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஆயிரம் முறை மோதி, பெற்ற ஆற்றலை மற்ற ஐசோடோப்புக்கும் பகிர்ந்துவிடும். தேர்வு அத்தனையும் வீணாகும். 1 டார் (வளிமண்டலத்தில் 760இல் ஒரு பங்கு) அல்லது அதற்கும் குறைவாக வைத்துக் கணக்கிடுங்கள்.

பிரிட்டோரியாவை அடுத்த பெலிண்டாபாவில் 1990களில் நடந்த யுரேனிய லேசர் ஆய்வும், தனி அணுக்களையன்றி மூலக்கூறுகளை லேசரால் தேர்ந்து ஐசோடோப்புகளைப் பிரிக்கும் இந்த மூலக்கூறு வழியைச் சேர்ந்ததே. முன்னுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.