நாணய அளவில் வாங்கிய ஆமை: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி ரெட் இயர்டு ஸ்லைடரைப் பற்றியவை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட, வண்ணமீன் கடைகளில் டப்பாவில் விற்கிற பச்சைக் குட்டி அது. வேறு இனம் என்று சொல்லாதவர்களுக்கு அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். வாஸ்து என் துறை அல்ல. தொடங்கும் முன் ஒன்று: ஆமையையோ தொட்டித் தண்ணீரையோ தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

திருப்பூர்: சார், எங்கள் குட்டி ஆமை ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருக்கிறது. ஹாலில் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது, ஜன்னல் வெயில் படும். கடையில் கொடுத்த காய்ந்த இறால் மட்டும்தான் போடுகிறோம்.

நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. காய்ந்த இறால் ஒரு நொறுக்குத்தீனி. அதையே மாதக்கணக்கில் தின்றால் வைட்டமின் ஏ குறையும், இமை உப்பும். அழுக்குத் தண்ணீரும் சேர்ந்தால் கண் ஒட்டிக்கொள்ளும். ஆமை இரையைப் பெரும்பாலும் பார்த்துத்தான் பிடிக்கிறது. கண் தெரியாவிட்டால் எப்படிச் சாப்பிடும்?

அடுத்தது வெயில். ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும், புற ஊதா பி கதிர் வராது. அந்தக் கதிர் உடம்பில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். டி இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் ஓட்டில் சேராது. குட்டியின் ஓட்டு விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நகம்போல வளைந்து கொடுத்தால் ஓடும் பாதிக்கப்பட ஆரம்பித்திருக்கலாம்.

தொட்டியில் உடம்பு முழுக்க ஈரம் காய ஏறி உட்கார ஒரு மேடை வையுங்கள். மேடைமேல் சூடு 32 டிகிரிக்குக் குறையக் கூடாது, தண்ணீர் 25, 26 இருந்தால் போதும். ஆமைக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. குளிர்ந்து கிடந்தால் பசிக்காது, தின்றாலும் செரிக்காது. காலை வெயிலில் அகலமான தொட்டியில் அரை மணி நேரம் விடலாம், ஆனால் பாதித் தொட்டிக்கு நிழல் இருக்க வேண்டும். நிழல் இல்லாத பிளாஸ்டிக் டப்பில் வைத்து மறந்துபோய், வெந்து செத்த குட்டிகள் நிறைய. வெயிலுக்கு வழியே இல்லையென்றால் அந்தப் புற ஊதா பி கதிரைத் தருகிற யுவிபி பல்பு வாங்குங்கள். அது எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும், வெளிச்சம் இருக்கும், கதிர் தீர்ந்திருக்கும்.

ஆமைக்கான பெல்லட், துருவிய கேரட், பூசணி, முருங்கைக்கீரை என்று மாற்றிக் கொடுங்கள். தண்ணீரில் ஒரு துண்டு கணவாய் ஓடு மிதக்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம், அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். இப்போதைய நிலையில் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தானே.

மதுரை: எங்கள் ஆமையும் சாப்பிடவில்லை.

மேலே திருப்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள். தண்ணீர்ச் சூடு, மேடை, வெயில்.

வேளச்சேரி: "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று மாமியார் சொல்கிறார். சீனர்கள் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே ஆமைக்குத் தெரியாது. மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். முப்பது வருடம் உயிரோடிருக்கக்கூடிய பிராணி, வீட்டில் ஒருவர் முகம் சுளித்தாலும் அதன் பாடு திண்டாட்டம்.

ஈரோடு: ஓடு பளபளப்பாக இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? மஞ்சள்?

வேண்டாம். எண்ணெய் ஓட்டின்மேல் அழுக்கைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மஞ்சளும் வேண்டாம். ஓட்டுத் தகடு மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி உரிந்தால் அது வளர்ச்சி, கவலை இல்லை. குழி விழுந்து, வெள்ளையாகி, நாற்றமடித்தால் அது அழுகல், மருத்துவரிடம் போங்கள்.

கோயம்புத்தூர்: தனியாக இருந்தால் ஏங்குமா? ஜோடி வாங்கலாமா?

ஏங்காது. சிறிய தொட்டியில் இரண்டு இருந்தால் வாலையும் விரலையும் கடித்துக் குதறும். வாங்காதீர்கள்.

அம்பத்தூர்: நான்கு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்க நினைக்கிறேன். பத்து ரூபாய்க் காசு அளவுதான் இருக்கிறது, சின்ன டப்பா போதும் என்றார் கடைக்காரர்.

வேண்டாம் அம்மா. காரணம் இரண்டு. பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற ஆமையின் உடம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குட்டி ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்துப் பேதியும் காய்ச்சலும் வந்ததால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டது. இந்த இனத்தின் சொந்த ஊரே அதுதான், மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். ஐந்து வயது தாண்டும்வரை குழந்தை இருக்கிற வீட்டில் ஆமை வேண்டாம் என்பது என் கட்சி. ஏற்கெனவே இருந்தால் சோப்பு, சோப்பு, சோப்பு. சமையலறைத் தொட்டியில் அதன் தண்ணீரைக் கொட்டவே கூடாது.

இரண்டாவது, காசு அளவு காசு அளவிலேயே நிற்காது. பெண் ஆமை பத்து அங்குலத்தைத் தாண்டும். ஓட்டு நீளம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள். மாடியில் சிமெண்ட் தொட்டி கட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கும்பகோணம்: ஐயா, பெரிசாகிவிட்டதால் எங்களுடைய இரண்டு ஆமைகளைப் போன ஆடி மாதம் கோயில் குளத்தில் விட்டோம். நல்லபடியாக இருக்கும் அல்லவா? ஒரு உயிருக்கு விடுதலை கொடுத்த புண்ணியம்தானே?

இல்லை ஐயா. உங்கள் எண்ணம் நல்லது, செய்தது தவறு. உலகின் மிக மோசமான அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் நூறு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியல் வைத்திருக்கிறது, இந்த ஆமை அதில் இருக்கிறது. நம் குளத்தில் பாலாமையும் காராமையும் காலங்காலமாக இருக்கின்றன. அவை வெயில் காயும் கல்லை இது பிடித்துக்கொள்ளும், தீனியில் பங்கு கேட்கும், கடையிலிருந்து கொண்டுவந்த நோயையும் பரப்பும். குவாஹாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்திலேயே இந்த ஆமைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அவற்றை விட்டவர்களும் புண்ணியம் என்று நினைத்துத்தான் விட்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது.

தஞ்சாவூர்: கும்பகோணம் ஐயாவுக்குச் சொன்ன பதில் சரியில்லை. குளத்தில் இருக்கிற ஜிலேபிக் கெண்டை மட்டும் நம் ஊர் மீனா? ஆப்பிரிக்க மீனை அரசே விடலாம், நாங்கள் இரண்டு ஆமை விட்டால் குற்றமா?

நல்ல கேள்வி. ஜிலேபி 1952-ல் இங்கே வந்தது, புரத உணவு பெருகும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். இன்று உங்கள் ஊர்க் குளத்தில் வலை போட்டால் என்ன ஏறுகிறது என்று மீன்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஜிலேபிதான். வந்தது கொஞ்சம், பரவியது ஊர் முழுக்க என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்துவிட்டீர்கள். அரசு செய்ததும் தவறுதான். அதற்காக இன்னொரு தவறைச் சேர்க்க வேண்டுமா?

மன்னார்குடி: இரண்டுமே ஆணாக இருந்தால் குட்டி போடாதே, அப்போது என்ன நஷ்டம்?

எப்படி ஆண் என்று முடிவு செய்தீர்கள்? இந்த இனத்தில் முட்டை அடைகிற சூட்டைப் பொறுத்தே ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகும். சூடு கூடினால் பெண். முன்னங்கால் நகம் நீண்டு, வாலும் நீளமாக இருப்பது ஆண். அது தெரியவே சில வருடம் ஆகும். பெண் ஆமை ஒருமுறை இணை சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துப் பின்னர் முட்டையிடவும் முடியும். ஆணே ஆனாலும் நோயும் தீனிப் போட்டியும் எங்கே போகும்?

தஞ்சாவூர் (மறுபடி): அப்படியானால் கொன்றுவிடச் சொல்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? வளர்த்தவரே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். முடியாவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தைக் கேளுங்கள். தெரிந்தவர் யாராவது தொட்டியோடு எடுத்துக்கொள்வாரா பாருங்கள். கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்கிற வேலையை எடுத்துச் செய்தது. நம் பக்கத்திலும் அது மாதிரி வந்தால் முதலில் வரவேற்பது நான்தான். கும்பகோணம் ஐயா, உங்களால் முடிந்தால் கோயில் நிர்வாகத்திடம் சொல்லி, வெயில் நேரத்தில் படிக்கட்டில் ஏறும்போது பிடிக்கப் பாருங்கள். இந்தப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தர்மபுரி: வயலில் நட்சத்திர ஆமை ஒன்று கிடைத்தது அண்ணா. தொட்டியில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன்.

முதலில் தண்ணீரிலிருந்து எடுங்கள் தம்பி! அது தரை ஆமை, மூழ்கிச் செத்துவிடும். அடுத்து, அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. 2019 முதல் பன்னாட்டு வணிகமும் முழுக்கத் தடை. கடத்தல்காரர்கள் சூட்கேசில் அடைத்து அனுப்புகிற பிராணி இது, அதனால் அதிகாரிகள் எளிதில் விடமாட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து இன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கண்டெடுத்த இடத்தையும் சொல்லுங்கள். பாலாமை கிடைத்தாலும் இதே வழிதான்.

ஊட்டி: தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. மூக்கில் குமிழி. இதுவும் வெயில் குறைவுதானா?

இது நுரையீரல் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் தாழ்ந்து சாயும். வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், ஊசி மருந்து தேவைப்படும். சமவெளிக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஹீட்டர் தேவையில்லை, உங்கள் ஊரில் கட்டாயம். போகும்போது தண்ணீர் இல்லாத டப்பாவில், ஈரத்துணி விரித்து, கதகதப்பாகக் கொண்டுபோங்கள்.

தேனி: ஆமை சாப்பிட மாட்டேன் என்கிறது...

திருப்பூர், மதுரை.

சேலம்: எங்கள் "ராமு" ஐந்து வருடமாக இருக்கிறான். இரண்டு நாளாகத் தொட்டி மூலையைப் பின்னங்காலால் பறண்டுகிறான், மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்கிறான். தீனியும் வேண்டாம் என்கிறான்.

ராமு பெண்ணாக இருக்கலாம் அம்மா. முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் துணை இல்லாமலும் முட்டை வரும், குஞ்சு வராது. ஒரு பெரிய அன்னக்கூடையில் சற்று ஈரமான ஆற்றுமணலும் மண்ணும் கலந்து ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்து, அதை விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று பார்த்தால் இடாது. முட்டையை உள்ளே அடக்கி வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாளில் இடாமல் சோர்ந்துபோனால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், முட்டை தெளிவாகத் தெரியும். இட்டுவிட்டால் கணவாய் ஓட்டை இன்னும் ஒன்று சேர்த்துப் போடுங்கள். மணலைத் தொட்ட பிறகு சோப்பு.