உப்பின் அளவு மாறும்போது அலையாத்தி மரத்தின் இலைகள் என்ன செய்கின்றன?

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மிகுந்து காணப்படும் வெண்கண்டல் மரத்தைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் பெருகும்போது அங்கே உப்பு வெகுவாகக் குறைகிறது; கோடையிலோ, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரையும் மிஞ்சிவிடக்கூடும்.

உப்பின் பெரும்பகுதியை வேர்களே வடிகட்டித் தடுத்துவிடுகின்றன. அதையும் மீறி இலைக்கு வந்து சேரும் உப்பை, இலையின் இருபுறமும் உள்ள நுண்ணிய உப்புச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. கோடையில் நண்பகலில் இலையின் மேற்பரப்பை விரலால் தடவினால் உப்புப் படிகங்கள் நறநறவென்று ஒட்டும். மழை பெய்த மறுநாள் அதே இலை வழவழப்பாக இருக்கும். சூழலில் உப்பு ஏற ஏற, இச்சுரப்பும் பொதுவாக அதிகரிக்கிறது.

எஞ்சும் உப்பை இலை தன் செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழில் அடைத்துவைத்து, அதனால் எழும் நீர் இழுவிசையை ஈடுகட்டக் கிளைசின் பீட்டைன் என்ற சேர்மத்தைச் செல்லின் மற்றப் பகுதியில் சேர்த்துக்கொள்கிறது. இலைத்துளைகளும் குறுகி நீரிழப்பைக் குறைக்கின்றன. ஆனால் கரியமில வாயுவும் குறைவாகவே உள்ளே வருவதால் வளர்ச்சி மந்தமாகிறது. அதிக உப்பில் தோன்றும் புதிய இலைகள் சிறுத்தும் தடித்தும் இருப்பதைக் காணலாம்.

மற்றோர் அலையாத்தி மரமான சுரபுன்னைக்கு இத்தகைய சுரப்பிகள் இல்லை. அது வேரின் வடிகட்டலையே பெரிதும் நம்பியிருக்கிறது. பழுத்த இலைகளில் உப்பைத் திணித்து உதிர்த்துவிடுகிறது என்று பலரும் சொல்வது, என் பார்வையில், சற்று மிகைப்படுத்தப்பட்ட விளக்கம்.