ஆதன், ஆந்தை, எய்டன்: பெயர்க் கடிதங்கள்

போன மாதம் 'ஆதன்' என்ற பெயரைப் பற்றி நாலு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே கேள்வியை எட்டுப் பேர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதம் மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகனுக்கு ஆதன் என்று வைக்கப் போகிறோம். ஒரு தளம் 'சூரியன்' என்கிறது, இன்னொன்று 'அரசன்' என்கிறது. எது சரி? (வாசகி, கரூர்)

இரண்டும் இல்லை. சூரியன் ஆதவன். அது வெயிலைக் குறிக்கும் 'ஆதபம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நடுவில் ஒரு 'வ' போனால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள் போல. 'அரசன்' என்பது சேர மன்னர்கள் பலர் பெயரில் ஆதன் இருப்பதால் வந்த ஊகம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், கபிலர் பாடிய செல்வக்கடுங்கோ வாழியாதன் என்று வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெயர் ராஜாவுக்கு இருந்தது என்பதால் அந்தச் சொல்லுக்கே ராஜா என்று பொருள் வந்துவிடாது.

அகராதியில் தேடினால் 'உயிர், ஆன்மா' என்று ஒரு பொருள் கிடைக்கும். அதே அகராதியில் 'அறிவில்லாதவன்' என்றும் இருக்கும். எல்லாத் தளங்களும் முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுகின்றன. பயப்படாதீர்கள். சங்கப் பாட்டுகளில் ஆதன் ஆளின் பெயராகத்தான் வருகிறது. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குகின்றன. வாழ்த்தோடு வரும் பெயருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீங்கள் கரூர்க்காரர். பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாருங்கள். அங்கே தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்று சேர அரசன் பெயர் இருக்கிறது. 1800 ஆண்டு இருக்கும், கூடக் குறைய.

பிசிராந்தையார் பெயரில் ஆந்தை இருக்கிறதே, பறவைதானே? என் மாமனார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். (வாசகர், தென்காசி)

இந்தக் கேள்விக்காக உங்கள் மாமனாருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். ஆந்தை பறவை இல்லை, ஓர் அப்பா. ஆதன் + தந்தை = ஆந்தை. பூதன் + தந்தை = பூந்தை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், புள்ளிமயங்கியலில், 'ஆதனும் பூதனும்' என்று இதற்காகவே ஒரு நூற்பா இருக்கிறது. இரண்டு பெயருக்கு மட்டும் தனி விதி எழுத வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஓர் ஆதனும் ஒரு பூதனும் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அபூர்வமாகிவிட்ட பெயர் ஒரு காலத்தில் அவ்வளவு சாதாரணம்.

ஆக, பிசிராந்தை என்றால் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனின் தந்தை. பார்க்காமலே கோப்பெருஞ்சோழனுக்கு நண்பனாகி, அவன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, போய்ச் சேர்ந்த மனிதர். 'யாண்டு பலவாக நரையில ஆகுதல்' என்ற புறநானூறு 191 அவர் பாடியதுதான். மாமனாரிடம் பாட்டு எண்ணோடு சொல்லுங்கள், சிரிப்பு நிற்கும்.

ஏ-டி-எச்-ஏ-என் என்ற பெயருக்கு என்ன பொருள்? சீக்கிரம் சொல்லவும். நாளை பெயர்சூட்டு விழா. (வாசகர், ஊர் எழுதவில்லை)

ஆங்கில எழுத்தில் கேட்டால் நான் எதைச் சொல்வது? ஆதனா, அத்தனா, அத்தானா? அத்தன் என்றால் தகப்பன், சிவபெருமானையும் சொல்வார்கள். அத்தான் என்றால் உங்கள் மகனைத் தெருவே அத்தான் என்று கூப்பிடும். பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள், அப்புறம் பொருள் கேளுங்கள். எத்தனை முறை சொல்வது?

ஆதன் என்ற பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒரு தளத்தில் '73 சதவீதம் பிரபலம்' என்று பார்த்தேன். (வாசகி, சேலம்)

73 சதவீதம் என்றால் நாலு பேரில் மூன்று பேர் ஆதன். உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் ஆண்டுவாரியாகப் பெயர்க் கணக்கு வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைக்காவது வைத்த பெயர்தான் அதில் வரும். இங்கிலாந்திலும் அதுபோல உண்டு. நம் ஊரில் பிறப்புப் பதிவேடு இருக்கிறது, ஆனால் அதிலிருந்து இப்படிப் பெயர்வாரிப் பட்டியல் போட்டு வெளியிடும் வழக்கம் இல்லை. அதனால் இந்தியப் பெயருக்குச் சதவீதம் போடும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். என் அனுபவத்தில், பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்பு ஆதன் என்று ஒரு பிள்ளையைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அறிமுகமான வீடுகளிலேயே நாலைந்து பேர். கீழடிக்குப் பிறகு கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கீழடியில் ஆதன் பெயர் கிடைத்ததாமே? அப்படியானால் இது 2600 ஆண்டுப் பழைய பெயர் என்று அழைப்பிதழில் அச்சடிக்கலாமா? (வாசகர், மதுரை)

பானை ஓட்டில் கிடைத்தது உண்மை. குவிரன், ஆதன் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறியிருக்கிறார்கள். பெரும்பாலும் பானை வைத்திருந்தவர் பெயராக இருக்கும், நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் வந்தது. அது அந்த மாதிரியின் காலம். உங்கள் ஓட்டின் காலமும் அதேதான் என்று அடித்துப் பேசாதீர்கள். 'ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பழைய பெயர்' என்று அச்சடியுங்கள், ஒருவரும் மறுக்க முடியாது.

எண் கணிதப்படி கடைசியில் இரண்டு 'என்' போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகி, திருப்பூர்)

போடுங்கள். பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்குங்கள். தமிழில் ஒரு 'ன்' போதும்.

டொராண்டோவில் இருக்கிறோம். பள்ளியில் என் மகன் ஆதனை 'எய்டன்' என்று கூப்பிடுகிறார்கள். அயர்லாந்திலும் இப்படி ஒரு பெயர் உண்டாம். நம்மவர்கள் கொண்டுபோனதா? (வாசகர்)

இல்லை. அது 'நெருப்பு' என்று பொருள்படும் பழைய ஐரிஷ் பெயரின் செல்ல வடிவம். 651இல் இறந்த, இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவுத் துறவி ஒருவர் பெயரும் அதுதான். ஓசை ஒத்தால் உறவு என்றால் ஆதாமும் நம் ஆளாகிவிடுவார். அவர் பெயர் எபிரேயத்தில் மண்ணோடு சேர்ந்தது. பள்ளியில் போய் 'ஆ' நெடில் என்று ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், ஆசிரியர்களுக்குத்தான் நாளாகும்.

ஆதனுக்குப் பெண்பால் என்ன? வாட்ஸ்அப்பில் வந்த 'சங்கத் தமிழ்ப் பெண் பெயர்கள் 500' பட்டியலில் ஆதனி, ஆதினி, ஆதன்யா, யாழினி எல்லாம் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கலாம்? (வாசகி, கோவை)

அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது. நாற்பது பேர் அனுப்பினார்கள், என் சொந்தத் தங்கை உட்பட.

சங்கப் பாட்டுகள் மொத்தமே சுமார் 2400. பாடியவர்களில் பெயர் தெரிந்தவர் 470 சொச்சம். அதில் பெண்கள் நாற்பதைச் சுற்றித்தான் வருவார்கள், ஆளுக்கு ஆள் கணக்குக் கொஞ்சம் மாறும். அகப்பாட்டில் தலைவிக்குப் பெயரே சொல்லக் கூடாது என்பது மரபு. அப்புறம் 500 பெண் பெயர் எந்தச் சுவடியிலிருந்து கொட்டியது? யாழினி என்று ஒருத்தி சங்கப் பாட்டில் இல்லை. யாழ் உண்டு, பாடினி உண்டு, விறலி உண்டு. ஆதன்யா ஏதோ வடநாட்டு வாலை ஒட்டவைத்த பெயர்.

புதுப் பெயர் ஆக்குவது குற்றமில்லை. யாழினி காதுக்கு இனிய பெயர், தாராளமாக வையுங்கள். ஆனால் நேற்றுப் பிறந்த பெயருக்கு ஈராயிரம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு? என் எரிச்சல் அதில்தான். ஒருவர் கற்பனையாக ஒரு பொருள் எழுதுகிறார். பத்துத் தளங்கள் அதை நகலெடுக்கின்றன. பிறகு 'பத்து இடத்தில் இருக்கிறதே ஐயா' என்று எனக்கே ஆதாரம் காட்டுகிறார்கள். இதில் பரிதாபம் என்னவென்றால் உண்மையான பெயர்கள் தூசி படிந்து கிடக்கின்றன. அள்ளூர் நன்முல்லையார் இருக்கிறார். நன்முல்லை என்று எத்தனை வீட்டில் கூப்பிடுகிறார்கள்? காக்கைபாடினியார் நச்செள்ளையார் இருக்கிறார். 'ந' என்பது சிறப்புக்கு முன்னால் ஒட்டுவது, நக்கீரனில் போல. செள்ளை என்பதே பெயர். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்து அவருடையது, அதில் அவர் புகழ்ந்து பாடும் அரசன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். பாருங்கள், அங்கேயும் ஓர் ஆதன். வெண்ணிப் போரில் தோற்று வடக்கிருந்த பெருஞ்சேரலாதனை, வென்ற கரிகாலனைவிட நல்லவன் என்று கரிகாலனிடமே சொன்னவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி அவருடைய ஊர்ப் பெயர், பெண்ணுக்கும் அழகாக இருக்கும்.

ஆகவே, பட்டியல் அனுப்புகிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பாட்டு எண் என்ன? எண் இல்லையென்றால் சங்கப் பெயர் இல்லை.

ஆதிமந்தி என்று வைக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

கரிகாலன் மகள், ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவள், குறுந்தொகை 31 அவள் பாட்டு. எல்லாம் சரி. ஆனால் மந்தி பெண் குரங்கும்கூட. வகுப்பில் முதல் நாளே ஒருவன் கண்டுபிடித்துவிடுவான்.

சாத்தன் என்ற பெயரை என் அம்மா 'சாத்தான் மாதிரி இருக்கிறது' என்று மறுக்கிறார். (வாசகர், நாகர்கோவில்)

சாத்தான் எபிரேயத்திலிருந்து வந்தவர், இவர் நம் ஊர்க்காரர். 'சாத்து' என்ற வணிகக் கூட்டத்தோடும் சேர்த்துச் சொல்வார்கள், ஐயனாரோடும் சேர்த்துச் சொல்வார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பானை ஓட்டில் கண்ணன், சாத்தன் இருவர் பெயரும் தமிழ்ப் பிராமியில் கிடைத்திருக்கின்றன. இருந்தாலும் அம்மா சொல்வதைக் கேளுங்கள். கூப்பிடப் போவது அவர்தான்.

பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. குழந்தைக்கு எட்டு மாதம். (வாசகர், விழுப்புரம்)

ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. இழுத்தடிக்காதீர்கள். தமிழ் எழுத்திலும் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

அப்பா பெயரை முன்னால் போடும் இனிஷியல் வெள்ளைக்காரன் கொடுத்தது என்கிறார் நண்பர். (வாசகர், ஈரோடு)

எழுத்தாகச் சுருக்கியது பின்னால் வந்தது. அப்பாவை முன்னால் நிறுத்துவது பழசு. புறநானூறு 71இல் பூதப்பாண்டியன் தன் நண்பர்களை அடுக்குகிறான். அதில் ஒருவன் ஆதன் அழிசி. ஆதன் மகன் அழிசி என்று பிரிப்பார்கள். இன்றைக்கு இருந்தால் ஆ. அழிசி என்று கையெழுத்துப் போட்டிருப்பான்.