‘யூத்’ யார், ‘டீனேஜர்’ யார்? பருவங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தொண்டு அமைப்பு ஒன்றின் ஆண்டறிக்கையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்துவரும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எங்கள் தமிழ் அறிக்கையில் பதின்மூன்று வயது மாணவர் முதல் முப்பது வயதுப் பயிற்சியாளர் வரை எல்லாரையும் இளைஞர்கள் என்றே எழுதியிருக்கிறோம். நானும் எல்லா இடங்களிலும் ‘யூத்’ என்றே போட்டுவிட்டேன். படித்துப் பார்த்தவர், யாரைச் சொல்கிறீர்கள் என்று விளங்கவில்லை என்கிறார். ‘டீனேஜர்’, ‘அடலசன்ட்’, ‘யங் அடல்ட்’, ‘ஜுவனைல்’, ‘மைனர்’ ஆகியவற்றில் எதை எங்கே எழுத வேண்டும்? நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பும் அறிக்கையில் இருக்கிறது. குழந்தைப் பருவம், விடலைப் பருவம், வாலிபம் என்று அதில் வரும் சொற்களை எப்படிப் பெயர்ப்பது?”

பாடநூல்கள் இந்தச் சொற்களை வயது வரிசைப்படி அடுக்கித் தருவதால், ஒவ்வொரு சொல்லும் ஒரு வயது வரம்பின் பெயர் என்றும், வயது தெரிந்தால் சொல்லும் தானே கிடைத்துவிடும் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை வீட்டார் ‘கிட்’ என்பார்கள். செய்தித்தாள் ‘டீனேஜர்’ என்று எழுதும். மருத்துவர் தம் குறிப்பில் ‘அடலசன்ட்’ என்று பதிவார். ஒப்பந்தச் சட்டம் அவளை ‘மைனர்’ என்னும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின்படி அவள் ‘சைல்ட்’, அதே ஐ.நா.வின் புள்ளிவிவரங்களில் ‘யூத்’ என்ற பிரிவிலும் அவள் இடம்பெறுவாள். இந்த ஆறு சொற்களில் ஒன்றும் பிழையில்லை. ஆகவே சொல்லைத் தேடும் முன், அந்த வாக்கியத்தை யார், யாரிடம், எந்தத் துறையில் நின்று சொல்கிறார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வயது துல்லியமாகத் தெரிய வேண்டிய இடத்தில் எண்ணையே எழுதிவிட வேண்டும். அந்த வேலையை ஆங்கிலத்தின் எந்தப் பருவப் பெயரும் நமக்காகச் செய்து தராது.

வாசகரைச் சிக்கலில் மாட்டிவிட்ட ‘யூத்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். அது ஒரே வடிவத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘இன் ஹிஸ் யூத்’ என்றால் இளமைக்காலம். அப்போது அது எண்ணிக்கைக்கு உட்படாத பெயர். ‘த யூத்’ என்றால் இளைய தலைமுறை முழுவதும்; அப்போது அதைப் பன்மையாகக் கொண்டு ‘த யூத் ஆர்’ என்று எழுதுவதே தெளிவானது. ‘அ யூத்’ என்றும் ‘யூத்ஸ்’ என்றும் ஆட்களை எண்ணிச் சொல்லும் மூன்றாவது பயன்பாட்டில்தான் கவனம் மிகவும் தேவைப்படுகிறது. அப்படி எழுதியதும் ஆங்கிலம் படிப்பவர் மனத்தில் பெரும்பாலும் ஓர் ஆண்பிள்ளையின் உருவமே எழும். ‘இரண்டு யூத்ஸ் ஓடுவதைக் கண்டனர்’ என்பது போன்ற குற்றச் செய்திகளில் அந்த வடிவம் அடிக்கடி வருவதால், கூடவே ஒரு சந்தேக நிழலும் படியும். உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்த நாற்பது பேரை, அவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கும்போது, ‘ஃபார்ட்டி யூத்ஸ்’ என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. ‘ஃபார்ட்டி யங் பீப்பிள்’ என்று எழுதுங்கள். ‘யங் பீப்பிள்’ என்ற தொடரில் பாலும் இல்லை, ஐயமும் இல்லை, அலுவலக வாடையும் இல்லை. ஒருமையில் ‘அ யங் பர்சன்’, அல்லது இடம்பார்த்து ‘அ யங் வுமன்’, ‘அ யங் மேன்’ என்று எழுதலாம். ‘யூத்’ என்ற சொல்லை ‘யூத் சென்டர்’, ‘யூத் பாலிசி’, ‘யூத் எம்ப்ளாய்மென்ட்’ போன்ற தொடர்களில் முன்னொட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது எந்தச் சங்கடமும் தராது.

இனி அதன் வயது வரம்பைப் பார்ப்போம். ஐ.நா. தன் புள்ளிவிவரத் தேவைக்காக 15 முதல் 24 வரையுள்ளவர்களை ‘யூத்’ என்கிறது. 2006ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க இளையோர் சாசனம் 15 முதல் 35 வரை என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரையுள்ளவர்களை ‘அடலசன்ட்’ என்றும், 10 முதல் 24 வரையுள்ளவர்களை ‘யங் பீப்பிள்’ என்றும் வகுத்திருக்கிறது. இந்த வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பதைக் கவனியுங்கள். இவற்றுள் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை, ஏனெனில் ஒவ்வொன்றும் ஒரு திட்டத்தின் தேவைக்காகப் போடப்பட்ட எல்லை. உங்கள் அறிக்கையில் ‘யூத்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்திலேயே ‘இந்த அறிக்கையில் யூத் என்பது 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களைக் குறிக்கும்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்து, பிறகு கடைசிவரை அதே பொருளில் ஆண்டுவந்தால், உங்கள் வாசகர் கேட்ட கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அந்த வரம்புக்குக் கீழே வரும் பள்ளி மாணவர்களை ‘ஸ்டூடன்ட்ஸ் ஏஜ்ட் தர்ட்டீன் டு செவன்டீன்’ என்று தனியே பிரித்துச் சொல்ல வேண்டும்.

‘டீனேஜர்’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரையுள்ள எண்களின் பெயர்கள் மட்டுமே ‘டீன்’ என்று முடிகின்றன. அந்த ஏழு ஆண்டுகளில் இருப்பவர் டீனேஜர். அன்றாடப் பேச்சுக்கும் செய்திக்கும் இது ஏற்றது. நாம் இதில் செய்யும் பிழை வேறு: ‘டீனேஜ்’ என்பதைப் பெயர்ச்சொல்லாக்கி ‘இன் ஹிஸ் டீனேஜ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டீனேஜ்’ ஓர் அடைமொழி. ‘டீனேஜ் இயர்ஸ்’, ‘டீனேஜ் சன்’ என்று இன்னொரு பெயரோடு சேர்ந்தே அது வரும். காலத்தைச் சொல்ல ‘இன் ஹிஸ் டீன்ஸ்’ என்றால் போதும். தொடக்க ஆண்டுகள் என்றால் ‘ஏர்லி டீன்ஸ்’, முடிவு ஆண்டுகள் என்றால் ‘லேட் டீன்ஸ்’.

‘அடலசன்ட்’ மருத்துவம், உளவியல், கல்வி ஆகிய துறைகளின் சொல். வளர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை ஒன்றிலிருந்தே ‘அடலசன்ட்’, ‘அடல்ட்’ இரண்டும் வந்தன. வளர்ந்துகொண்டிருப்பவர் முன்னவர், வளர்ந்து முடிந்தவர் பின்னவர். உடல்நலத் திட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘அடலசன்ட் கேர்ள்ஸ்’ மிகப் பொருத்தமான தொடர். அதே சொல்லை ஒரு தாயின் பேச்சில் வைத்தால் மகனை அவர் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ‘அடலசென்ஸ்’ என்னும் பருவத்தையும் ‘பியூபர்ட்டி’ என்னும் உடல் மாற்றத்தையும் கலந்துவிடவும் கூடாது: உடல் இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறும் நிகழ்முறை ‘பியூபர்ட்டி’; மனமும் சமூக நிலையும் சேர்ந்து முதிரும் நீண்ட காலம் ‘அடலசென்ஸ்’.

இவ்விடத்தில் தமிழர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ‘வயதுக்கு வந்தாள்’ என்பதைப் பலர் ‘ஷி அட்டெய்ன்ட் ஏஜ்’ என்றோ ‘ஷி கேம் ஆஃப் ஏஜ்’ என்றோ எழுதுகிறார்கள். முதல் தொடர் பிறநாட்டு வாசகருக்கு ஒன்றும் உணர்த்தாது. இரண்டாவது தொடர் நல்ல ஆங்கிலமே, ஆனால் அதன் பொருள் சட்டப்படி முழு வயதை அடைந்தாள் என்பது. பல நாடுகளில் அது பதினெட்டு. பூப்பெய்தியதைச் சொல்ல ‘ஷி ரீச்ட் பியூபர்ட்டி’ அல்லது நேராக ‘ஷி ஹாட் ஹர் ஃபர்ஸ்ட் பீரியட்’ என்று எழுதலாம். மருத்துவக் கட்டுரையானால் ‘மெனார்க்கி’ என்ற சொல் இருக்கிறது. பெண்கள் நலம் பற்றிய அறிக்கையில் இந்த ஒரு தொடர் தவறினால் பன்னிரண்டு வயதுச் சிறுமி பதினெட்டு வயதுப் பெண்ணாக எண்ணப்படுவாள் என்பதால், இதைச் சிறு பிழையென்று நான் கருதவில்லை.

சட்டச் சொற்களுக்கு வருவோம். முழு வயதை எட்டாதவர் ‘மைனர்’. இது உரிமைகளையும் பொறுப்புகளையும் பேசும் சொல்லாதலால் ஒப்புதல் படிவம், வங்கிக் கணக்கு, சொத்து ஆகியவை பற்றிய வாக்கியங்களில் மட்டும் வர வேண்டும். முழு வயதை எட்டியவரை நாம் ‘மேஜர்’ என்கிறோம். தெற்காசியாவுக்கு வெளியே அதைப் படிப்பவர் இராணுவ அதிகாரி ஒருவரை நினைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே ‘அடல்ட்’ என்று எழுதுங்கள். ‘ஜுவனைல்’ என்ற சொல்லைப் பொது அறிக்கையில் அறவே தவிர்க்கும்படி சொல்வேன். அது நீதிமன்றத்தையும் குற்றத்தையும் உடனே நினைவூட்டும். அடைமொழியாக ஒருவரின் நடத்தைக்குச் சூட்டினால் முதிர்ச்சியற்றது என்ற பழிப்பாகவும் ஆகும். உயிரியலில் இளம் விலங்குகளைக் குறிக்கவும், சில நோய்ப் பெயர்களிலும் அது இயல்பாக வரும். அங்கே மட்டும் இருக்கட்டும். இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பதினான்கு வயதுக்கு உட்பட்டவரைச் ‘சைல்ட்’ என்றும், அதற்கு மேல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை ‘யங் பர்சன்’ என்றும் பிரிப்பதால், சட்ட ஆவணங்களைப் பெயர்ப்பவர் அந்தந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவைப் பார்த்த பிறகே சொல்லை முடிவு செய்ய வேண்டும்.

மழலையர் தொடர்பான சொற்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கின்றன. பிறந்து 28 நாள் வரை மருத்துவத்தில் ‘நியோனேட்’, பேச்சில் ‘நியூபார்ன்’. ஓராண்டு நிறையும் வரை ‘இன்ஃபன்ட்’. ‘இன்ஃபன்ட் மார்ட்டாலிட்டி’ என்னும் கணக்கும் முதல் பிறந்தநாளுக்கு முன் நேரும் இறப்புகளையே எண்ணுகிறது. தத்தித் தத்தி நடக்கும் ஒன்று முதல் மூன்று வயதுவரை ‘டாட்லர்’; அதன் பின் பள்ளி சேரும் வரை ‘ப்ரீஸ்கூலர்’. ஆனால் விமானச் சீட்டில் ‘இன்ஃபன்ட்’ என்பது இரண்டு வயது நிறையாத குழந்தை. பழைய ஆங்கிலேயச் சட்ட ஆவணங்களிலோ இருபத்தொரு வயது நிறையாதவர் எவரும் ‘இன்ஃபன்ட்’தான். வீட்டுப் பேச்சிலும் கதையிலும் ‘பேபி’ போதும். பதின்பருவத்துக்குச் சற்று முந்தியவர்களுக்கு ‘ப்ரீடீன்’, ‘ட்வீன்’ என்ற சொற்கள் உண்டு. இரண்டாவது விளம்பரத் துறையில் பெரிதும் புழங்குவது, அறிக்கைக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை.

‘யங் அடல்ட்’ பற்றி ஓர் எச்சரிக்கை. சமூக ஆய்வில் அது பதினெட்டைக் கடந்து இருபதுகளில் இருப்பவரைக் குறிக்கும். பதிப்பகத்தாரும் நூலகத்தாரும் ‘யங் அடல்ட் ஃபிக்‌ஷன்’ என்னும்போதோ ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள வாசகரை எண்ணுகிறார்கள். உங்கள் அமைப்பின் நூலகப் பிரிவும் வேலைவாய்ப்புப் பிரிவும் ஒரே அறிக்கையில் வருமானால் இரண்டும் மோதும். பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையுள்ள காலத்தைத் தனிப் பருவமாகக் கொண்டு ‘எமர்ஜிங் அடல்ட்ஹுட்’ என்ற பெயரை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் முன்வைத்தார். ஆய்வுக் கட்டுரைக்கு அது உதவும், ஆண்டறிக்கைக்கு வேண்டாம்.

‘யங்ஸ்டர்’ என்பதை நாம் இருபத்தைந்து வயது ஊழியருக்கும் வழங்குகிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதைக் கேட்பவர் பெரும்பாலும் சிறுவரையோ பதின்பருவத்தினரையோ நினைப்பார். அதேபோல இருபது கடந்த பெண்ணைக் ‘கேர்ள்’ என்றும் ஆணைப் ‘பாய்’ என்றும் எழுதுவது அன்பினால் வந்த வழக்கமாக இருக்கலாம், ஆனால் எழுத்தில் அது அவர்களைச் சிறுமைப்படுத்தும். கறுப்பின ஆண்களைப் ‘பாய்’ என்று விளித்து இழிவுபடுத்திய வரலாறும் அமெரிக்காவில் இருப்பதால், ‘யங் மேன்’, ‘யங் வுமன்’ என்று எழுதும் பழக்கமே நல்லது.

நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பில் துறைச் சொற்களுக்கு இடமே இல்லை. ‘குழந்தைப் பருவத்தில்’ என்பதற்கு ‘இன் ஹிஸ் சைல்ட்ஹுட்’ என்பதைவிட ‘ஆஸ் அ சைல்ட்’ இயல்பானது. ‘சைல்ட்ஹுட்’ என்பதே ஒரு காலத்தின் பெயராதலால் ‘சைல்ட்ஹுட் ஏஜ்’ என்று நீட்ட வேண்டியதில்லை. விடலைப் பருவத்துக்கு ‘இன் ஹிஸ் டீன்ஸ்’. ‘வாலிபத்தில்’ என்பது பொதுவாகச் சொன்னதாயின் ‘இன் ஹிஸ் யூத்’ அல்லது ‘ஆஸ் அ யங் மேன்’. குறிப்பிட்ட ஆண்டுகளைச் சொல்வதாயின் ‘இன் ஹிஸ் ட்வென்ட்டீஸ்’. ‘சிறுவயது முதலே’ என்றால் ‘ஃப்ரம் அன் ஏர்லி ஏஜ்’. ஒரு கிராமத்தில் வளர்ந்தார் என்பதற்கு ‘ஹி க்ரூ இன்’ என்று எழுதிவிடாதீர்கள். செடி மண்ணில் வளர்வதை அப்படிச் சொல்லலாம், மனிதருக்கு ‘ஹி க்ரூ அப் இன்’ என்று ‘அப்’ சேர வேண்டும். பாட்டி வளர்த்தார் என்றால் ‘ஹி வாஸ் பிராட் அப் பை ஹிஸ் கிராண்ட்மதர்’ அல்லது ‘ரெய்ஸ்ட் பை’. அவருடைய சிரிப்பு குழந்தையுள்ளம் கொண்டது என்று தமிழில் இருந்தால் ‘சைல்ட்லைக்’ என்று பெயர்க்க வேண்டும். ‘சைல்டிஷ்’ என்று எழுதினால் அவரைப் பொறுப்பற்றவர் என்று குறை கூறியதாகும்.

வயதை எண்ணால் எழுதும்போது பெயருக்கு முன் வருமானால் ‘அ ஃபிஃப்டீன்-இயர்-ஓல்ட் பாய்’ என்று இடைக்கோடிட்டு ஒருமையில் எழுத வேண்டும். பெயருக்குப் பின் வருமானால் ‘ஹி வாஸ் ஃபிஃப்டீன் இயர்ஸ் ஓல்ட்’ என்று இடைக்கோடின்றிப் பன்மையில் எழுத வேண்டும். ‘ஃபிஃப்டீன் இயர்ஸ் பாய்’ என்ற வடிவம் ஆங்கிலத்தில் இல்லை. வரம்பைக் குறிக்கையில் ‘அண்டர் எய்ட்டீன்’ என்றால் பதினெட்டு வயதினர் அதில் சேரமாட்டார்கள். அவர்களையும் சேர்க்க ‘ஏஜ்ட் எய்ட்டீன் அண்ட் அண்டர்’ என்று எழுத வேண்டும். உங்கள் அறிக்கையில் பயனாளிகளின் எண்ணிக்கை அட்டவணையாக வருகிறதென்றால், அட்டவணையின் தலைப்புகளை மொழிபெயர்க்கும் முன் அமைப்பின் பதிவேட்டில் எந்த வயதில் பிரித்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.