வாசகர் கேள்வி: கோலம் போட்டால் பேச்சு வருமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். எல்லாத் தெருப் பெண்களும் சேர்ந்து கோலம் போட்டுப் பேசலாம் என்று கூப்பிட்டோம். வந்தார்கள், ஆனால் நாலு பேர்தான் பேசினார்கள், மற்றவர்கள் ஓரமாகவே நின்றார்கள். எங்கே தவறு?

பதில்: முதலில், எங்கே கூடினீர்கள்? பெரிய வீட்டு வளவு (உள்முற்றம்) என்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகள் அங்கே வந்து வாய் திறப்பது லேசல்ல. பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றுங்கள். சிமெண்டுத் தரை போதும். வழவழவென்ற ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மாவு சரியாகப் பிடிக்காது.

30 பேருக்கு அரைக் கிலோ பச்சரிசி. 2 மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்துக் கரையுங்கள். கெட்டியானால் காய்ந்ததும் பொருக்காக உதிரும். நீர்த்தால் கோடு பரவும். உள்ளங்கையளவு பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துப் பிழிந்தால், மோதிர விரல் வழியே சீராக இறங்கவேண்டும்.

பெயர்ச் சீட்டுகளைக் கொட்டானில் (ஓலைக் கூடையில்) போட்டுக் குலுக்கி, ஆறாறு பேராகப் பிரியுங்கள். கைதேர்ந்தவர் புள்ளி மட்டும் வைக்கட்டும். இல்லாவிட்டால் முழுக் கோலத்தையும் அவரே முடித்துவிடுவார், நல்ல மனதோடுதான்!

கோலம் காயும் நேரத்தில் பேச்சு. கொட்டான் யார் கையிலோ அவர் மட்டும் 2 நிமிடம். விருப்பமில்லையா, அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். 'ஒற்றுமை பற்றிச் சொல்லுங்கள்' என்றால் மேடைப்பேச்சுதான் வரும். 'இந்த ஊரில் நீங்கள் போகத் தயங்கும் இடம் எது?' என்று கேளுங்கள். தலைவரும் டீச்சரும் கடைசியில்.

டீக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். கழுவுவது யார் என்பதையும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யுங்கள்.